மேலச்சத்திரத்துக் குழாயும் பாதி கழுவிய முகமும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சாக்கடையிலிருந்து கிடைத்தது. இதை வேறு மாதிரி நாசூக்காகச் சொல்ல முடியுமா என்று ஒரு வாரம் யோசித்தேன். முடியவில்லை.

திருப்பதியில், அலிபிரி போகிற சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது எங்கள் அடுக்குமாடி. பழைய கட்டடம். கீழ்த்தளத்தில் இந்திராணியம்மா தனியாக இருக்கிறார், ஆர்.டி.சி. பஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மழை பெய்தாலும், மேலே நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் குளித்தாலும், சில நாள் ஒன்றுமே நடக்காவிட்டாலும்கூட, எங்கள் எல்லோருடைய கழிவுநீரும் அவருடைய குளியலறை வழியாக மேலே வந்து சமையலறை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும். அடைப்பு எங்கே என்று திறந்து பார்க்க ஒரே ஒரு சேம்பர்தான் உண்டு. அந்தச் சேம்பர் மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டி, தன் காருக்கு ஷெட் போட்டிருக்கிறார் எங்கள் அசோசியேஷன் தலைவர் [பெயரை எழுதினேன், அடித்துவிட்டேன்]. இது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

போன கூட்டத்தில் இந்திராணியம்மா எழுந்து நின்று நிலைமையைச் சொன்னார். தலைவர் ரொம்ப வருத்தப்பட்டார். "லைன் பழசு. மாத்தணும்னா பெரிய செலவு. தர்வாத மாட்லாடுதாம்" என்றார். பிறகு பேசுவோம் என்று அர்த்தம். நாங்கள் தலையாட்டிவிட்டு டீ குடித்தோம். ஷெட் என்ற சொல் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

படி இறங்கும்போது இந்திராணியம்மா என்னை நிறுத்தினார்.

"இதே கதிதான் சார் எங்க ஊர்லயும். அங்க எங்க நைனா இருந்தாரு, மூஞ்சில கரி பூசிக்கினு கேட்டுட்டாரு. இங்க யாரு கீறாங்க?"

அவர் வீட்டு ஈரத் தரையில் நாற்காலி போட்டு, அந்த நைனாவின், அதாவது அவர் அப்பாவின், கதையில் மீதியைக் கேட்டேன். எழுதப் போகிறேன் என்றேன். எழுத எழுதப் படித்துக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அதனால் இந்தக் கதைக்குள் அவர் அடிக்கடி குறுக்கே வருவார். என்னால் தடுக்க முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: "சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திர ராஜ்யம் பிரிந்து இரண்டு வருஷம் ஆகியும், சித்தூர் ஜில்லாவின் எல்லை எது என்கிற பிரச்சினை தீராமல்..." [நிறுத்தினேன். பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கிறது.]

இரண்டாவது தொடக்கம்: "கொசத்தலை ஆற்று மணலில் மாலை வெயில்..." [ஆற்றங்கரையில் எனக்கு என்ன வேலை? என் வேலை குழாயோடு.]

மூன்றாவது தொடக்கம்: "முனிரத்தினத்துக்குக் கேட்கத் தெரியாது." [இது இருக்கட்டும்.]

முனிரத்தினத்துக்குக் கேட்கத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், அவருக்கு வேலையே கேட்பதுதான். மேலச்சத்திரம் பஞ்சாயத்தில் அவர் பில் கலெக்டர். வீடு வீடாகப் போய்க் குழாய் வரி கேட்க வேண்டும். அவர் வாசலில் போய் நிற்பார். வீட்டுக்காரர் வெளியே வந்து, "இன்னா முனிரத்தினம்" என்பார். இவர் "ஒண்ணுமில்ல, இந்தப் பக்கமா வந்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். ஊரில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். எப்படிப் பிடிக்காமல் போகும்?

(மேலச்சத்திரம் என்று ஓர் ஊர் கிடையாது. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே ரயில் ஜன்னலில் தெரிகிற எந்த ஊரையாவது அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

3

அந்த ஊருக்குக் குழாய் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பதிக்கு யாத்திரை போகிறவர்கள் தங்குவதற்கு ஒரு ஜமீன்தார் அங்கே சத்திரம் கட்டினார். அதற்காக ஆற்றோரம் கிணறு வெட்டி, ஆயில் இஞ்சின் வைத்து, மேட்டில் செங்கல் தொட்டி கட்டி, இரும்புக் குழாய் புதைத்தார். கழிவு போகத் தெருவுக்கு அடியில் செங்கல் சாக்கடை, அதன்மேல் பலகைக்கல். பிறகு பஸ் வந்தது. யாத்திரீகர்கள் பஸ்ஸில் நேராக மலையடிவாரம் போய் இறங்கினார்கள். சத்திரம் பாழாயிற்று. குழாயும் சாக்கடையும் ஊருக்கு மிஞ்சின. ரேணிகுண்டா ஜங்ஷனிலேயே இப்படி வசதி இல்லை என்று ஊர்க்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள். பீற்றிக்கொண்டார்களே தவிர, பராமரிக்கவில்லை.

பராமரிப்புக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு வரி வேண்டும். வரி கேட்பவர் முனிரத்தினம். அது போதாதென்று எல்லைப் பிரச்சினை வேறு வந்து சேர்ந்தது. ஊரில் பாதிப்பேர், மேலச்சத்திரம் சென்னையோடுதான் சேரும் என்றார்கள். "நம்ப ராஜ்யம் வரட்டும், அங்க கட்றோம்." மீதிப்பேர் ஆந்திராவிலேயே இருக்கும் என்றார்கள். "எல்லை முடிவாவட்டும், அப்புறம் கட்றோம்." மற்ற எல்லா விஷயத்திலும் அடித்துக்கொண்ட இரண்டு கட்சியும் வரி கட்டாத விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன. மேலே மனு போட்டால் அங்கேயும் அதே பதில்தான்: ஊர் யாருக்கு என்று தெரியாமல் எப்படிச் செலவு செய்வது?

[இந்த இடத்தில் எல்லைக் கமிஷன், கிராம வாரியாகக் கணக்கெடுப்பு, தாலுகா வாரியாகக் கணக்கெடுப்பு என்று இரண்டு பக்கம் எழுதினேன். இந்திராணியம்மா கொட்டாவி விட்டார். அடித்துவிட்டேன்.]

4

முனிரத்தினத்தின் மனைவி செங்கம்மாவுக்கு அப்போது ஆறாம் மாதம்.

இதற்கு முன் அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டுமே நடக்கப் பழகுவதற்குள் வாந்தியும் பேதியுமாகப் போய்விட்டன. அதைப் பற்றி நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது இந்திராணியம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "வேணாம் சார். ரெண்டு போச்சின்னு சொன்னா போதும், தெரிஞ்சிக்குவாங்க." சரி, ரெண்டு போச்சு.

தென் தெருக் குழாயில் காலையில் பிடிக்கிற முதல் குடத்தில் வாடை வர ஆரம்பித்தது. செங்கம்மா குடத்துக்குள் முகத்தை விட்டு முகர்ந்தார். தண்ணீரைத் தெருவில் கொட்டினார்.

"இன்னாய்யா, தண்ணியில நாத்தம் வருது."

"துரு வாடைம்மே அது."

"துருவுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? ரெண்டு தபா தெரிஞ்சிக்கினேன்."

அன்றிலிருந்து செங்கம்மா வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு நடந்து, மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் செம்பால் மொண்டு நிரப்பிக்கொண்டு வந்தார். சித்திரை வெயில் ஏற ஏற ஊற்றும் கீழே போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அது வற்றிப்போனால் மறுபடி தென் தெருக் குழாய்தான் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

(காய்ச்சிக் குடிக்கலாமே என்று கேட்பீர்கள். காய்ச்சினார்கள், விறகு இருந்த நாளில்.)

கோளாறு எங்கே என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. தென் தெரு முனையில் பலகைக்கல்லைப் புரட்டினால் தெரியும். தண்ணீர்க் குழாய் அங்கே சாக்கடையைக் குறுக்கே கடக்கிறது. கடக்கிற இடத்தில் துருப்பிடித்து உளுத்துப்போயிருக்கிறது. இஞ்சினை நிறுத்தியதும் காலியாகிற குழாய், தன்னைச் சுற்றி இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். சுற்றி இருப்பது சாக்கடை. இரண்டு நீளக் குழாய் இருந்தால் மாற்றிவிடலாம்.

ஜமீன்தார் உபரியாக வாங்கிப் போட்ட குழாய்கள் சத்திரத்துக்குப் பின்னால் கிடந்தன. இப்போது அங்கே இல்லை. பஞ்சாயத்து பிரசிடெண்ட் கோவர்த்தனன் கழனியில், வண்டிப்பாதைக்கு அடியில் படுத்துக்கொண்டு, இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை அந்தப் பக்கத்து நெல்லுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. இதுவும் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

5

கோவர்த்தனனை எப்படி எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பம். முதல் படியில் அவருக்கு முறுக்கு மீசை வைத்தேன். வெற்றிலை போட வைத்தேன். ஒரு அடியாளையும் கொடுத்தேன்.

"அவருக்கு ஏது சார் மீச?" என்றார் இந்திராணியம்மா. "நல்ல மனுசன். ஊரு கொழா சும்மா கெடக்குது, நமக்கு ஆவும்னு ஒருநாள் எடுத்தாரு. எடுத்துட்டாரு, திருப்பி எப்படி வெக்கிறதுன்னு தெரியல. அவ்ளோதான். எனக்குப் பேரு வெச்சதே அவருதான்."

போயிற்று. குழந்தை பிழைக்குமா பிழைக்காதா என்று உங்களைக் கடைசி வரை பதற வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். அந்தக் குழந்தை எழுபது வயதில் என் எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறது. மீசையையும் அடியாளையும் எடுத்துவிட்டேன். ஆனால் முனிரத்தினத்துக்கு இதெல்லாம் தெரியாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஊற்று இறங்கிக்கொண்டே போகிறது என்பதுதான்.

அவர் பிரசிடெண்ட் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

"இன்னா முனிரத்தினம்?"

"ஒண்ணுமில்லிங்க. மழ வருமான்னு..."

"சித்திரையில மழையா?"

"அதான் கேக்கலாம்னு வந்தேங்க."

அடுத்த வாரம் மறுபடி போனார். கோவர்த்தனனின் பசு கன்று போட்டிருப்பதைப் பாராட்டிவிட்டு, சீம்பாலோடு திரும்பி வந்தார். செங்கம்மா சீம்பாலையும் பார்த்தார், புருஷனையும் பார்த்தார். குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று முனிரத்தினத்துக்கு இருந்தது.

6

ஊர் அம்மன் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஜாத்திரை என்றால் வேஷம். வேண்டுதல் இருக்கிறவர்கள் நாளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். போகிற வீட்டிலெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். வேஷம் கட்டியவன் திட்டினால் அம்மன் திட்டியதாகக் கணக்கு. திட்டு வாங்குகிறவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, முறத்தில் அரிசியோ கம்போ போட வேண்டும். தன் வீட்டுக்கு வந்து திட்டாமல் போய்விட்டான் என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. வேஷத்தைக் கழுவியதும் எல்லாம் முடிந்துவிடும். கரி இறங்கிவிட்டால் அவன் வெறும் ஆள். அதன் பிறகு ஒரு வார்த்தை தப்பாகப் பேசினாலும் அது அவன் பேசியதுதான்.

இரண்டாவது பிள்ளை போனதிலிருந்து முனிரத்தினம் வருஷா வருஷம் தோட்டி வேஷம் கட்டினார். உடம்பெல்லாம் கரி, இடுப்பில் வேப்பிலை, கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை. கரி பூசியதும் அந்த மனிதருக்கு எங்கிருந்துதான் வாய் வருமோ தெரியாது. "டேய் எச்சக்கையில காக்கா ஓட்டாதவனே, உங்கூட்டு அங்கணத் தண்ணிய எதுத்தூட்டு வாசல்ல உட்றியே, உன் வாய்ல உட்டா குடிப்பியா?" [இதற்கு அடுத்து வருகிற வார்த்தைகள் அச்சில் ஏறாது. இந்திராணியம்மா எல்லாவற்றையும் சொன்னார். எனக்குத்தான் எழுதக் கை வரவில்லை.] ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். முறம் நிறையும்.

அந்த வருஷம் கரி பூசிக்கொள்ளும்போதே, இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். கரிக்கு அடியில் நின்று கேட்டால் யார் என்ன செய்ய முடியும்? வடக்குத் தெருவைத் திட்டி முடித்து, கோவில் தெருவைத் திட்டி முடித்து, பறை முன்னால் போக, பிரசிடெண்ட் வீட்டு வாசலுக்கு வந்தார்.

கோவர்த்தனன் குனிந்து, தன் கையாலேயே இவர் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். விரல்களைத் துடைத்துவிட்டார். நிமிர்ந்து கையைக் கட்டிக்கொண்டு, "திட்டும்மா" என்று காத்திருந்தார்.

முனிரத்தினம் வாயைத் திறந்தார். "கருமி" என்றார். "கழுத" என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

7

[இந்த இடத்தில் கதையைக் கைவிட இருந்தேன். கரி பூசியும் கேட்க முடியாத ஒருவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? காலராவைக் கொண்டு வரலாமா என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஊரில் சாவு விழும், எல்லோரும் திருந்துவார்கள். எழுதிவிட்டு இந்திராணியம்மாவிடம் காட்டாமலே கிழித்தேன். மனசு லேசாயிற்று. ஒரு குழாயை மாற்றச் சாவு எதற்கு?]

வேஷத்தைக் கோவில் குளத்தில்தான் கழுவ வேண்டும். குளம் வறண்டு கிடந்ததால் அந்த வருஷம் தென் தெருக் குழாயடியில் கழுவிக்கொள்ளச் சொன்னார்கள். பக்கத்தில் பலகைக்கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டுச் சாக்கடை அள்ளிக்கொண்டிருந்தார் பாலையா. பஞ்சாயத்தின் ஒரே துப்புரவுத் தொழிலாளி, சம்பளம் வந்து மாதக்கணக்கில் ஆகிறது. தெருமட்டத்துக்கு மேல் அவர் தலை மட்டும் தெரிந்தது. தோட்டி வேஷத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ வருசத்துல ஒருநாள் கட்ற, காலுக்குத் தண்ணி ஊத்தறாங்க. நான் தினம் கட்டிக்கினு கீறேன், எனக்குக் கொழாய்ல தண்ணி புடிக்கக்கூட வுடமாட்றாங்க."

முனிரத்தினம் குனிந்து குழாயைத் திறந்து, தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தார். மூக்கில் அந்த வாடை ஏறியது.

நிமிர்ந்தால் எதிரே செங்கம்மா. ஆற்று ஊற்று அன்றைக்கு வற்றிவிட்டது. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாய்க்கு வந்திருக்கிறார். குடத்தை இறக்கிக் குழாய்க்கு அடியில் வைத்தார். புருஷனைப் பார்க்கவில்லை. தண்ணீர் குடத்துக்குள் விழ ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் கோவர்த்தனன் அந்தப் பக்கமாக வந்தார்.

"இன்னா முனிரத்தினம், கழுவி முடிச்சாச்சா?"

இத்தனை நாள் வராதது அப்போது வந்தது.

"டேய் கோவர்த்தனா. உன் கழனியில ஊரு கொழா கெடக்குது. என் பொஞ்சாதி குடத்துல உங்கூட்டுக் கக்கூசுத் தண்ணி வுழுது. ரெண்டு புள்ளைய வாரிக் குடுத்துட்டேன். மூணாவத குடுக்க மாட்டேன். போய் எட்த்துக்கினு வாடா."

தெரு அப்படியே நின்றது. பறை அடிக்கிறவர் கை மேலே போனது மேலேயே நின்றது. முனிரத்தினம் குழாயை மூடினார்.

8

மறுநாள் கோவில் முன்னால் ஊர் கூடியது. விசாரணை ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான்: அந்த 'டா' சொன்னது யார்?

கரி இருந்தபோது சொல்லியிருந்தால் அம்மன் கேட்டது. கோவர்த்தனன் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கரி இறங்கிய பிறகு சொல்லியிருந்தால், ஒரு பில் கலெக்டர் பிரசிடெண்ட்டை நடுத்தெருவில் திருடன் என்றிருக்கிறார். வேலையோடு போகாது, ஊரைவிட்டே போக வேண்டியிருக்கும், ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சியோடு.

"வலது கன்னம் சுத்தமா இருந்துச்சி, நான் பாத்தேன்."

"இடது பக்கம் கரி இருந்துச்சே."

"பேசறது கன்னமா? வாயச் சொல்லு. வாயச் சுத்தி இருந்துச்சா, இல்லியா?"

வாயைச் சுற்றி யாரும் கவனிக்கவில்லை. முனிரத்தினத்தையே கேட்டார்கள். "எனக்கு எப்படிங்க தெரியும், அங்க கண்ணாடியா இருந்துச்சி?" என்றார். செங்கம்மா பெண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

[பாதி கழுவிய முகத்தை, இரண்டு ராஜ்யத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊருக்கு உவமையாக்கி நான்கு வரி எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.]

கடைசியில் கோவர்த்தனனே கேட்டார். "கிட்டத்துல யாரு இருந்தது? பாலையாதான. கீழேருந்து மேல பாத்துக்கினு இருந்தான். அவனக் கேளுங்க."

கூட்டத்துக்கு வெளியே, தள்ளி நின்றிருந்த பாலையாவை முன்னால் வரச் சொன்னார்கள். அவர் முனிரத்தினத்தைப் பார்த்தார். கோவர்த்தனனையும் பார்த்தார்.

"கரி இருந்துச்சிங்க. வாயச் சுத்தி நல்லா இருந்துச்சி."

கோவர்த்தனன் பெருமூச்சு விட்டது கூட்டம் முழுக்கக் கேட்டது என்கிறார் இந்திராணியம்மா. மூன்று வருஷமாக அந்த வண்டிப்பாதையைக் கடக்கும்போதெல்லாம் அடியில் கிடக்கிற குழாய் அவரை உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் எடுத்ததை ஒப்புக்கொண்டதாகும். அம்மன் கேட்டுக் கொடுத்தால் காணிக்கை. முனிரத்தினத்தைவிட, செங்கம்மாவைவிடக்கூட, அன்றைக்கு ரொம்ப நிம்மதி அடைந்தவர் அவர்தான்.

"அம்மா வாய் தெறந்து கேட்டுட்டா. குடுக்காம இருக்க முடியுமா?" என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

9

குழாய்களை மஞ்சள் பூசி, மாலை போட்டு, பறையோடு ஊர்வலமாகக் கொண்டு வந்தார்கள். முறத்தில் சேர்ந்த தானியத்தைப் புத்தூர் சந்தையில் விற்று, இணைப்புக்கு ஊற்ற ஈயம் வாங்கினார்கள். பாலையாவுக்குச் சம்பள பாக்கியும் கொடுத்தார்கள். அவர் சாக்கடைக்குள் இறங்கி உளுத்த குழாயை அறுத்து எடுத்தார். கோவர்த்தனன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலேயிருந்து கயிறு பிடித்தார்.

இஞ்சினை ஓட்டி, கலங்கல் போகிற வரைக்கும் தண்ணீரைத் தெருவில் விட்டார்கள். அப்புறம் செங்கம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் குடத்தைப் பிடித்து, உள்ளே முகத்தை விட்டு முகர்ந்தார். ரொம்ப நேரம் முகர்ந்தார். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். குடத்தைக் கொட்டவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். முனிரத்தினம் குழாயடியிலேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

இந்திராணி ஆவணியில் பிறந்தார். நடக்கப் பழகினார். அதைத் தாண்டியும் நடந்தார்.

வரியா? அதற்குப் பிறகு மேலச்சத்திரத்தில் குழாய் வரி ஜாத்திரை நாளில்தான் வசூல் ஆயிற்று. முனிரத்தினம் கரி பூசிக்கொண்டு, ரசீதுப் புத்தகத்தை வேப்பிலைக்குள் செருகிக்கொண்டு போவார். வீட்டுக்காரர்கள் திட்டைக் கேட்டுவிட்டுக் கட்டுவார்கள். சில வருஷம் கழித்து எல்லை முடிவாகி, ஊர் ஆந்திராவிலேயே தங்கியது. அதற்குள் வரி கட்டிப் பழகிவிட்டதால் யாரும் நிறுத்தவில்லை.

பாலையா தெருவுக்குக் குழாய் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சி. நான் பெரிய பொண்ணு ஆன அப்புறம். நைனா எத்தினியோ தபா கேட்டாரு சார். கரி பூசிக்கினும் கேட்டாரு, பூசாமலும் கேட்டாரு. அதுக்கு மட்டும் ஊரு சிரிச்சிக்கினே இருந்துச்சி."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நானும் இதைக் கதையின் மற்றப் பகுதியோடு ஒட்டவைக்கப் பார்க்கவில்லை.

10

முடிவு பாக்கி.

பாலையா சொன்னது நிஜமா? "எங்கம்மா சாவற வரிக்கும் ஒத்துக்கல" என்றார் இந்திராணியம்மா. "'பாலையா நல்லவன், பொய் சொன்னான். உங்க நைனா மூஞ்சி அன்னிக்கு சுத்தமா இருந்துச்சி, ஒரு பொட்டு கரி இல்ல'ன்னுவா. அத சொல்லும்போது அவ மூஞ்சப் பாக்கணும் சார் நீங்க." பாலையாவிடம் முனிரத்தினமே ஒரு தடவை கேட்டாராம். "மூஞ்சின்னு சொன்னா சண்ட வரும், கரின்னு சொன்னா கொழா வரும். உனுக்கு எது வோணும்?" என்று பாலையா திருப்பிக் கேட்டாராம்.

எதை நம்புவது என்று தெரியாமல், இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு இந்திராணியம்மா வீட்டுக்குப் போனேன். அன்று காலைதான் மறுபடி தண்ணீர் ஏறி இறங்கியிருந்தது. அவர் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். முழுவதையும் நின்றுகொண்டே கேட்டார்.

"நல்லா கீது. ஞாயித்துக்கிழம கூட்டத்துல படிங்க."

"கூட்டத்திலா?"

"கததான சார். கதைன்னா யாரு கோச்சிக்கப் போறாங்க?"

அதனால் இந்தக் கதையை எங்கள் கட்டடத்துக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, டீ வருவதற்கு முன்னால் படிக்கப் போகிறேன். முதல் பகுதியில் அடித்த பெயரை இப்போது திரும்ப எழுதிக்கொள்கிறேன், மரியாதைக்குத் தெலுங்கில் ஒரு 'காரு'வும் சேர்த்து.

கிருஷ்ணப்பா காரு, சேம்பர் உங்கள் ஷெட்டுக்கு அடியில் இருக்கிறது. இந்திராணியம்மா வீட்டுக்குள் வருவது நம் எல்லோருடைய சாக்கடை. டைல்ஸை எடுங்கள். ஷெட்டையும்.

இதை வாசித்து முடித்ததும், சொன்னது கதையா இல்லை நானா என்று விசாரணை நடக்கும். என்னைக் கேட்டால், அங்கே கண்ணாடி இல்லை என்பேன். முதல் வரியிலிருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர் நீங்கள்தான். வாயைச் சுற்றிக் கரி இருந்ததா, இல்லையா? உங்களைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள்.